அணியின் பொருள் தேடியவர்: கலாயோகி ஆனந்த குமாரசாமி

கவிதையில் அணி தேவைதானா என்னும் வினா நம் காலத்துக் கவியரங்குகளில் அடிக்கடி எழுகின்றது. புதுக்கவிதை எழுதுவோருள் பலர் அணியை வேண்டாத சுமையாகக் கருதுகின்றனர். மரபுக் கவிதை எழுதுவோருள் சிலர், அணி மிகுந்தால் கவிதை சிறக்கும் என்று எண்ணுகின்றனர். இரு சாராரும் எதிரெதிர்த் திசையில் நிற்பவராகத் தோன்றினாலும், ஒரு கருத்தில் உடன்படுகின்றனர். பொருள் முதலில் இருக்கிறது, அணி அதன்மேல் பின்னர்ச் சேர்க்கப்படுகிறது என்பதே அந்த உடன்பாடு. சேர்ப்பதும் நீக்குவதும் கவிஞர் விருப்பம் என்பது அதிலிருந்து பிறக்கும் முடிவு.

இந்த உடன்பாட்டையே அடியோடு மறுத்தவர் ஒருவர் இருந்தார். அவர் கவிஞர் அல்லர். தொடக்கத்தில் கலை ஆய்வாளரும் அல்லர். கல்லையும் மண்ணையும் ஆராய்ந்த நிலவியல் அறிஞர். தமிழுலகம் கலாயோகி என்று போற்றும் ஆனந்த குமாரசாமியே அவர். அவருடைய வாழ்வை அணி என்னும் ஒரே இழையில் கோத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பிரிவும்

ஆனந்த குமாரசாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசாமி, யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்தவர். இங்கிலாந்தில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் ஆக்கி 1863இல் வெளியிட்டவர். பாலி மொழிப் பௌத்த நூல்களையும் அவர் ஆங்கிலத்திற்குக் கொண்டு சென்றார். தாயார் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். ஈழத் தமிழர் வரலாற்றில் பெரும்பெயர் பெற்ற பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் ஆகிய உடன்பிறந்தார் இருவரும் சர் முத்துவின் தமக்கையார் மக்கள். ஆதலால் அவர்கள் ஆனந்தருக்கு அத்தை மைந்தர்கள் ஆவர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழக்க நேர்ந்தது. தாயும் மகனும் இங்கிலாந்து சென்றிருந்தனர். அவர்களைப் பின்தொடர்ந்து கப்பலேற வேண்டிய நாளில், 1879 மே 4ஆம் நாள், சர் முத்து மறைந்தார். தாய் மீண்டும் இலங்கைக்கு வந்து வாழவில்லை. மகன் ஆங்கில மண்ணிலேயே வளர்ந்தார். 1889இல் விக்ளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். தந்தையின் மொழி, சமயம், ஊர் ஆகிய அனைத்தையும் அவர் பின்னாளில் தேடியே அடைய வேண்டியிருந்தது. பிறப்பிலேயே கிடைத்திருந்தால் அவற்றை அவர் இவ்வளவு ஆழ்ந்து வினவியிருப்பாரா என்பது ஐயமே.

கல்லிலிருந்து கலைக்கு

இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறைக்கு 1903 முதல் 1906 வரை அவர் இயக்குநராகப் பணியாற்றினார். தோரியனைட் என்னும் கதிரியக்கக் கனிமத்தை 1904இல் உலகுக்கு அறிவித்தவர் அவரே. இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு 1906இல் அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. அறிவியல் துறையிலேயே நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும்.

எனினும் கனிமம் தேடிச் சிற்றூர்களுக்குச் சென்ற கண்கள் வேறொன்றையும் கண்டன. கண்டி நாட்டில் தச்சர், கொல்லர், தட்டார், ஓவியர், குயவர், நெசவாளர் ஆகியோர் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த கைவினைகள் அழிந்துகொண்டிருந்தன. 1815இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமான பின், அரசனையும் கோயிலையும் சார்ந்திருந்த கலைஞர்களைப் புரப்பார் இல்லை. இறக்குமதியான மலிவுப் பொருள்கள் சந்தையை நிறைத்தன. மக்களோ தம் உடையையும் அணியையும் விடுத்து ஐரோப்பியரின் உடையைத் தழுவிக்கொண்டிருந்தனர். கடன் வாங்கிய இறகுகள் என்று பொருள்படும் தலைப்பில் 1905இல் ஒரு சிறு நூலைக் கண்டியில் வெளியிட்டு, இந்தப் போலிமையை அவர் கடிந்தார். அணியைப் பற்றிய அவருடைய முதற் கேள்வி இங்கேதான் பிறந்தது எனலாம். ஓர் இனத்தார் தமக்குரிய அணியைக் களைந்து பிறர் அணியைப் பூணும்போது, அவர்கள் இழப்பது வெறும் தோற்றத்தையா, அன்றி வேறு எதனையுமா?

இவ்வினாவிற்கு விடை காண அவர் கைவினைஞரிடமே சென்றார். அவர்கள் தொழில் பயிலும் முறையைக் கேட்டறிந்தார். சிங்கள ஓவிய மாணவன் முதலில் வரையப் பழகுவது இரட்டை வளைவுக் கோடு ஒன்றை. அந்த ஒரு கோடு கைவந்த பின், அதிலிருந்தே இலையும் இதழும் கொடியும் அன்னத்தின் கழுத்தும் வளர்கின்றன. லியவெல என்று அவர்கள் வழங்கும் கொடிக்கோலம் கதவு நிலையிலும் யானைத் தந்தத்திலும் வெள்ளிச் செப்பிலும் ஓடுகின்றது. கலைஞன் இதனைத் தன் மனம்போனபடி புனைவதில்லை. மொழியைக் கற்பதுபோல் கற்கிறான். கற்ற பின் அதில் பேசுகிறான்.

புத்தர் திருவுருவுக்குக் கண் திறக்கும் சடங்கையும் ஆனந்தர் விரிவாகப் பதிவு செய்தார். சிலை முழுதும் முடிந்த பின்னரும், விழிகள் தீட்டப்படும் வரை அது வெறும் கல்லோ மண்ணோதான். குறித்த நேரத்தில், தனித்த இடத்தில், கண்ணாடியில் நோக்கியவாறு ஓவியர் விழிகளைத் தீட்டுகிறார். அந்தக் கடைசித் தீற்றலால்தான் உருவம் வழிபாட்டுக்கு உரியதாகிறது. கடைசியில் வருவதாலேயே ஒன்றை மிகை என்று சொல்லிவிட முடியுமா? இந்தச் சடங்கை அறிந்தவர் அவ்வாறு சொல்லார்.

இவ்வாய்வின் பயனே 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். அது அச்சான முறையும் நினைக்கத் தக்கது. இங்கிலாந்தின் பிராட் கேம்ப்டன் என்னும் சிற்றூரில், வில்லியம் மாரிஸ் தம் புகழ்பெற்ற சாசர் பதிப்பை அச்சிட்ட அதே கைப்பொறியில், ஆனந்தரின் நேர் மேற்பார்வையில், ஓராண்டுக்கும் மேலாக உழைத்து 425 படிகள் அச்சிடப்பட்டன. எந்திர உற்பத்தியால் கைத்தொழில் நலிவதை எதிர்த்து நின்றவர் மாரிஸ். கண்டியின் கைவினைஞரைப் பற்றிய நூல் கைவினையாகவே பிறக்க வேண்டும் என்று ஆனந்தர் கருதியிருத்தல் வேண்டும்.

இந்நூலுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உழைப்பும் உண்டு. ஆனந்தரின் முதல் மனைவியார் எத்தல் மேரி அவருடன் ஊர் ஊராகச் சென்று ஒளிப்படங்கள் எடுத்தார். கைத்தொழில்களைக் கண்டு குறித்தார். பின்னாளில் இருவரும் பிரிந்தனர். எத்தல் மெய்ரே என்னும் பெயரில் அவர் இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறிக் கலைஞராக விளங்கினார். தாவரச் சாயங்களைப் பற்றி 1916இல் நூல் எழுதினார். ஆனந்தரின் பெயரைச் சொல்லும்போது இவரையும் நினைப்பதே முறை.

ஆடவல்லானின் அணிகள்

1909 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் அவர் பயணம் விரிந்தது. கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாருடன் நட்புக் கொண்டார். அலகாபாத்தில் 1910-11இல் நடந்த பெரும் பொருட்காட்சியில் கலைப் பிரிவைப் பொறுப்பேற்று அமைத்தார். முகலாய ஓவியத்தினின்றும் வேறுபட்ட இராசபுத்திர ஓவிய மரபு ஒன்று உண்டு என நிறுவி, 1916இல் அதுபற்றி நூல் வெளியிட்டார்.

தமிழருக்கு அவர் அளித்த கொடை இக்காலத்தில்தான் உருவாயிற்று. சைவ சித்தாந்தத்தைப் பரப்பிய சித்தாந்த தீபிகை என்னும் ஆங்கில இதழில் 1912இல் சிவ நடனம் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. 1918இல் அதே தலைப்பில் கட்டுரைத் தொகுதியாக நூல் வந்தபோது உலகம் முழுதும் அது பரவியது. திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ் நூல்களின் துணைகொண்டே அவர் நடராசர் திருமேனியை விளக்கினார். வலச்செவியில் ஆடவர் குழை, இடச்செவியில் மகளிர் தோடு, சடையில் கங்கை, பிறை, பாம்பு, கையில் துடி, மறுகையில் தீ. இவற்றுள் எதனை அலங்காரம் என்று ஒதுக்க முடியும்? இரு செவியின் இரு வேறு அணிகளை நீக்கிவிட்டால், ஆணும் பெண்ணுமாய் நிற்கும் இறைமை என்னும் கருத்தே உருவத்தினின்றும் நீங்கிவிடும். அங்கே அணியே பொருளைச் சொல்கிறது. செப்புத் திருமேனியை உலோக வேலைப்பாடாக மட்டும் கண்டு வந்த மேனாட்டார்க்கு இது புதிய பாடமாக இருந்தது.

காட்சியகத்தில் முப்பது ஆண்டுகள்

தாம் திரட்டிய கலைச் செல்வங்களை இந்திய மண்ணிலேயே வைத்துக் காக்க ஒரு தேசியக் காட்சியகம் அமைய வேண்டும் என ஆனந்தர் விரும்பினார். அதற்கு வேண்டிய ஆதரவு கிடைக்கவில்லை. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அடிமைப்பட்ட நாட்டின் பிள்ளை ஆளும் அரசுக்காகப் படையில் சேர்வதற்கு அவர் உளம் ஒப்பவில்லை. 1917இல் அவர் அமெரிக்கா சென்றார். டென்மன் ராஸ் என்னும் செல்வர் அவருடைய தொகுப்பை வாங்கிப் பாஸ்டன் நுண்கலைக் காட்சியகத்திற்கு வழங்கினார். அங்கே இந்தியப் பிரிவின் காப்பாளராக அமர்ந்த ஆனந்தர் இறுதிவரை, முப்பது ஆண்டுகள், அந்நிறுவனத்திலேயே பணிபுரிந்தார். 1927இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை எழுதினார். 1934இல் கலையில் இயற்கை பெறும் மாற்றம் பற்றிய நூலைத் தந்தார்.

இதில் ஒரு முரண் உண்டு. அதை அவரே நன்கு அறிந்திருந்தார். கோயிலில் விளக்கேந்திய பாவையும், மணமகள் கழுத்தில் கிடந்த ஆரமும், படைவீரன் இடையில் தொங்கிய வாளும் கண்ணாடிப் பேழைக்குள் புகுந்த கணத்தில் தம் தொழிலை இழக்கின்றன. தொழிலை இழந்த பின் எஞ்சுவது பார்வைக்கு இனிய வடிவம் மட்டுமே. அவ்வடிவத்தையே கலை என்று போற்றுவதும், அதைச் செய்த கைவினைஞனின் வழிவந்தவர்களை வறுமையில் விடுவதும் ஒரே காலத்தின் இரு செயல்கள் எனச் சுட்டினார். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்னும் வினாவையே தலைப்பாக்கி 1943இல் நூல் வெளியிட்டார். காட்சியகத்தின் ஊதியம் பெற்றுக்கொண்டே காட்சியகத்தின் அடிப்படையை வினவிய நேர்மை எளிதன்று.

1939ஆம் ஆண்டுக் கட்டுரை

அணி பற்றிய அவருடைய சிந்தனை முழுவடிவம் பெற்றது 1939இல் ஓர் அமெரிக்கக் கலை ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையில். அதன் காலச்சூழல் கருதத் தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ், அணிவேலை உழைப்பையும் பொருளையும் வீணாக்கும் குற்றம் என்று முழங்கியிருந்தார். ஆனந்தரின் கட்டுரை வந்த காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்கக் கட்டடங்கள் வெற்றுச் சுவர்களோடு எழுந்துகொண்டிருந்தன. அணி மிகை என்பது கற்றோர் கொள்கையாகிவிட்டிருந்தது.

ஆனந்தர் இக்கொள்கையை நேரடியாக எதிர்த்து வாதிடாமல், சொற்களின் வரலாற்றைத் திறந்து காட்டினார். வடமொழியில் அலங்காரம் என்பதில் உள்ள அலம் என்பதற்குப் போதும், நிறைவு என்று பொருள். ஆகவே அலங்கரித்தல் என்பது ஒன்றைத் தன் பணிக்குப் போதுமானதாக நிறைவாக்குதல். இச்சொல்லின் பழைய வடிவம் வேதப் பாடல்களில் சோமச்சாறு ஆயத்தமாக்கப்பட்டிருப்பதைக் குறிக்கின்றது. இலத்தீனில் அணியைக் குறிக்கும் சொல் முதலில் கருவி, தளவாடம் என்ற பொருளுடையது. கப்பலுக்குப் பாயும் கயிறும் பூட்டிப் பயணத்திற்கு ஆயத்தம் செய்வதையும் அது குறித்தது. கிரேக்கத்தில் அணியையும் ஒழுங்கையும் பேரண்டத்தையும் ஒரே சொல் குறித்தது. எல்லா மொழிகளிலும் தேவையைக் குறித்த சொற்களே காலப்போக்கில் மிகையைக் குறிக்கும் சொற்களாயின. பொருள் அறுந்த பின் எஞ்சிய வடிவத்தை நாம் அணி என்கிறோம் என்பது அவர் கண்ட முடிவு.

அவர் இக்கட்டுரையில் வடமொழி, இலத்தீன், கிரேக்கச் சொற்களைக் கொண்டு நிறுவியதைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டும் நாம் நிறுவலாம். உண்கலம், மரக்கலம், படைக்கலம், அணிகலம் என நான்கையும் கலம் என்ற ஒரே சொல்லால் தமிழர் வழங்கினர். சோறிடும் வட்டிலும், கடல் கடக்கும் நாவாயும், போர்புரியும் வாளும், மார்பில் கிடக்கும் மாலையும் ஒரே இனம். நான்குக்கும் ஆற்றவேண்டிய பணி ஒன்று உண்டு. அணி என்ற சொல்லும் ஒப்பனையை மட்டும் குறிப்பதன்று. வரிசையையும் குறிக்கும், படையின் வகுப்பையும் குறிக்கும். ஒழுங்கையும் ஒப்பனையையும் ஒரே சொல்லில் கண்ட கிரேக்கர் பார்வையே இங்கும் உண்டு. பழந்தமிழ் நூல்கள் பேசும் ஐம்படைத் தாலியை எண்ணிப் பாருங்கள். திருமாலின் ஐந்து படைக்கலங்களைச் சிற்றுருவாகச் செய்து சிறுவர் கழுத்தில் கட்டினர். காப்பதற்காக அணிந்தது அது. அழகும் அதனோடு வந்தது.

பெண் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் சமுதாயத்தில் அணி பெண்ணுக்குச் சுமையாகவும் விலையாகவும் ஆகிவிட்டது. இத்தனை பவுன் என்று எடைபோட்டுப் பேசி முடிக்கும் மணங்களில் நகை காப்பதும் இல்லை, நிறைவாக்குவதும் இல்லை. அது வெறும் நாணயம். அணியின் பொருள் அறுந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. ஆனந்தரின் கருத்துகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டும் என்பதுமில்லை. கைவினை மரபைப் போற்றிய ஆர்வத்தில், அம்மரபைத் தாங்கிய சாதி அமைப்பின் கொடுமையை அவர் போதிய அளவு காணவில்லை என்பது மெய். தச்சன் மகன் தச்சனாக இருப்பதில் அழகு கண்டவர், அவன் வேறொன்றாக விரும்பினால் வழி என்ன என்று கேட்கவில்லை. இந்தக் குறையை ஒப்புக்கொண்டே அவருடைய நிறையைப் போற்றலாம்.

சொல்லணியும் சிந்தனையும்

1946இல் வெளிவந்த அவருடைய மற்றொரு தொகுதி, அணி என்பது சொல்லுக்கு உரியதா, சிந்தனைக்கு உரியதா என்னும் வினாவையே பெயராகக் கொண்டது. நாவன்மைக் கலை, கேட்போர்க்கு உண்மையைப் பயனுறச் சொல்லும் ஆற்றலாகத் தொடங்கியது. செவிக்கு இனிமை தரும் சொல் விளையாட்டாகப் பின்னர்ச் சுருங்கியது என்பது அவர் கருத்து. உவமை, சிந்தித்த பின் பூசும் வண்ணம் அன்று; உவமையின் வழியேதான் சிந்தனை நடைபெறுகிறது.

இக்கருத்து தமிழ்க் கவிஞர்க்கு அயலானது அன்று. தொல்காப்பியர் உவமத் தோற்றத்தை நான்கு வகையாகக் கூறினார். வடிவும் நிறமும் அந்நான்கில் அடங்கும். ஆனால் அவற்றுக்கு முன்னே அவர் நிறுத்தியவை செயலும் பயனும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தண்டியலங்காரம் முப்பத்தைந்து பொருளணிகளை வகுத்தது. வகுத்தவர்கள் பெயரையும் இலக்கணத்தையும் தந்தார்கள். பிற்காலத்தார் அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்யத் தொடங்கியபோது, கண்டியின் கைவினைப் பொருள்கள் கண்ணாடிப் பேழைக்குள் புகுந்ததுபோல் நம் அணிகளும் பேழைக்குள் புகுந்தன. வகுப்பறையில் இன்று மாணவர் அணியின் பெயரைச் சரியாகச் சொல்கின்றனர். அந்த அணி அப்பாடலில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் மௌனமே விடை.

இறுதி

1947 ஆகஸ்டு 15இல் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 22இல், ஆனந்தரின் எழுபதாம் பிறந்தநாளைப் பாஸ்டனில் நண்பர்கள் விருந்தளித்துக் கொண்டாடினர். பணியிலிருந்து விடுபட்டு இந்தியா திரும்பி, எஞ்சிய நாள்களை அமைதியில் கழிக்க அவர் எண்ணியிருந்தார். அந்தப் பயணம் நிகழவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நீதம் என்னும் ஊரில் அவர் மறைந்தார். மனைவி மக்களிடம் கப்பலேற இருந்த நாளில் தந்தை மறைந்தார். தாயகம் திரும்ப எண்ணியிருந்த காலத்தில் மகன் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற அளவுகோல் நம் கையில் இருக்கிறது. எழுதி முடித்த கவிதையிலிருந்து ஓர் உவமையை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கவிதைக்கு ஒன்றும் நேரவில்லை என்றால் அந்த உவமை கடன் வாங்கிய இறகு, தயங்காமல் நீக்கிவிடலாம். பொருளும் உடன் போய்விட்டால், அது கவிதையின் கலம். பாயும் கயிறும்போல அதைத் தாங்கிச் செல்வது. மரபில் எழுதுவோரும் புதுமையில் எழுதுவோரும் இச்சோதனைக்கு ஒருங்கே உட்பட வேண்டியவர்களே. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் அடுத்த கூட்டங்களில், அணியின் பெயரைக் கேட்பதை விடுத்து அதன் பணியைக் கேட்கும் வழக்கம் தோன்றுமானால், கலாயோகிக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகவே அமையும்.